பழுதான ஃப்ரீசரில் பீர் கெக் வைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிக்கும் நம் நண்பர்கள் யாருடைய கராஜிலாவது ஃப்ரீசர் நின்றுபோனால் இந்தக் கேள்விகள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். கேட்பவர்களில் பாதிப் பேர் அதற்குள் ஃப்ரீசரைத் தெருவோரம் வைத்திருப்பார்கள், இல்லையென்றால் சுவரில் ஓட்டை போட்டிருப்பார்கள். இரண்டுமே அவசரம். முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

பழுதான ஃப்ரீசர் கெக் வைக்க உதவுமா?

பெரும்பாலும் உதவும். (கெக் என்பது பீரை அடைத்து வைத்துக் குழாய் வழியாக ஊற்றும் உலோகக் கலன்.) ஃப்ரீசர் என்று நாம் சொல்வதில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று குளிர வைக்கும் இயந்திரம், இன்னொன்று அந்தக் குளிரை வெளியே விடாமல் பிடித்து வைக்கும் பெட்டி. பழுதாவது பெரும்பாலும் இயந்திரம்தான். பெட்டியின் சுவருக்குள் இருக்கும் ஃபோம் இருபது வருடம் ஆனாலும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், உள்ளே தண்ணீர் இறங்காத வரைக்கும். ஆகவே எது போயிருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் ஒரு டாலர்கூடச் செலவு செய்யாதீர்கள். மற்ற எல்லா முடிவும் அதைப் பொறுத்துத்தான்.

வீட்டில் பீர் தயாரிப்பது சட்டப்படி சரியா?

அமெரிக்காவில் சரி. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் ஒரே ஒரு பெரியவர் என்றால் வருடத்துக்கு 100 கேலன், இரண்டு பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 200 கேலன் வரை வரி இல்லாமல் தயாரிக்கலாம், விற்கக் கூடாது. மாநிலச் சட்டம் தனி. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல்தான் கடைசியாக அனுமதித்தன. வடித்து எடுக்கும் மதுவுக்கு இது பொருந்தாது, அது வீட்டில் செய்தால் குற்றம். தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்கள் கவனிக்கவும்: அங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் பீர்கூடத் தயாரிக்க முடியாது.

எது பழுதாகியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காதைக் கொடுத்துக் கேளுங்கள், பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பிளக்கைச் சொருகினால் எந்தச் சத்தமும் இல்லையா? முதலில் சுவர் பிளக்கில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். கராஜில் இருக்கும் பாதுகாப்பு பிளக்குகள் மழைக்காலத்தில் தானாக விழுந்துவிடும், ஃப்ரீசர் செத்துவிட்டது என்று நினைத்து மாற்றியவர்கள் இருக்கிறார்கள். மின்சாரம் வருகிறது, ஆனாலும் சத்தம் இல்லை என்றால் தெர்மோஸ்டாட் (குளிரின் அளவைப் பார்த்து இயந்திரத்தை ஓட்டி நிறுத்தும் சுவிட்ச்) மேல் சந்தேகம் வைக்கலாம்.

சில விநாடி உறுமிவிட்டு 'டிக்' என்று நின்று, இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடி அதே மாதிரி செய்கிறதா? கம்ப்ரசர் (குளிரூட்டும் கேஸை அழுத்திச் சுற்ற விடும் மோட்டார்) சுழல முயன்று முடியாமல் ஓவர்லோடு சுவிட்ச் அதை நிறுத்துகிறது என்று அர்த்தம். இதில் பாதிக்கு மேல் கம்ப்ரசரின் பக்கத்தில் மாட்டியிருக்கும், அதைக் கிளப்பிவிடும் சின்னச் சுவிட்சான ஸ்டார்ட் ரிலேயின் கோளாறுதான் என்பது என் அனுபவம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கெப்பாசிட்டர் இருந்தால் அதன் சார்ஜை இறக்கிவிட்டு, ரிலேயைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் வந்தாலோ கருகிய வாசனை வந்தாலோ அது போய்விட்டது. விலை குறைவு, மாற்றுவது சுலபம்.

புது ரிலே போட்டும் ஓடவில்லை என்றால் மல்ட்டிமீட்டரை எடுங்கள். கம்ப்ரசரில் மூன்று பின்கள் இருக்கும். இரண்டிரண்டாக மின்தடையை அளந்தால் கிடைக்கும் மூன்று எண்களில் பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். எந்தப் பின்னுக்கும் உலோக உடம்புக்கும் நடுவே தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் சுருள் எரிந்திருக்கிறது, அந்த ஃப்ரீசருக்கு மறுபடி பிளக் போடவே வேண்டாம்.

கடைசி வகை: கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை, அல்லது உள்சுவரில் ஒரு மூலையில் மட்டும் பனி படிகிறது. இது பெரும்பாலும் குளிரூட்டும் கேஸ் லீக்.

நின்ற வாக்கில் இருக்கும், பனி தானாகக் கரையும் வகை ஃப்ரீசர் என்றால் வேறு ஒன்றும் நடந்திருக்கலாம். உள்ளே பின்புறக் கம்பிச்சுருளில் பனி கட்டியாக இறுகிக் காற்று போக வழி இல்லாமல் அடைத்திருக்கும். கதவைத் திறந்து ஒரு நாள் முழுக்க உருக விட்டால் மறுபடி ஓடும். ஆனால் பனி உருக்கும் ஹீட்டரோ அதன் டைமரோ மாற்றாமல் விட்டால் சில வாரங்களில் திரும்ப அடைத்துக்கொள்ளும்.

தெர்மோஸ்டாட் மட்டும்தான் போயிருக்கிறது. என்ன செய்வது?

அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெர்மோஸ்டாட் நமக்கு எப்படியும் பயன்படப் போவதில்லை. ஃப்ரீசர் -18 டிகிரி செல்சியஸில் நிற்கும்படி செய்யப்பட்டது, நமக்கு வேண்டியது 3 அல்லது 4 டிகிரி. வெளியே மாட்டும் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் ஒன்று வாங்கி (இங்க்பேர்ட் கம்பெனியுடையது மாதிரி நிறைய இருக்கின்றன) ஃப்ரீசரின் பிளக்கை அதில் சொருகி, பழைய தெர்மோஸ்டாட்டின் இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று முறையாக இணைத்து மூடிவிட்டால் போதும். மின்சார வேலை கைவராது என்றால் இந்த ஒரு இணைப்புக்கு மட்டும் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கன்ட்ரோலரில் இரண்டு விஷயம் முக்கியம். கம்ப்ரசர் நின்ற பிறகு மறுபடி கிளம்பும் முன் ஐந்து நிமிடமாவது காத்திருக்கும்படி வையுங்கள். அழுத்தம் சமமாகும் முன்னால் கிளம்பச் சொன்னால் கம்ப்ரசர் திணறும், இப்போதுதான் மாற்றிய ரிலே மறுபடி போகும். அடுத்து, சென்சாரைக் காற்றில் தொங்க விடாதீர்கள். கெக்கின் பக்கவாட்டில் ஒட்டி மேலே ஒரு ஃபோம் துண்டு வைத்து டேப் போடுங்கள். மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம் கம்ப்ரசர் ஓடாது, நீங்கள் அளப்பது பீரின் வெப்பநிலையாக இருக்கும். சென்சார் நழுவிப் பெட்டிக்கு வெளியே விழுந்துவிட்டால் ஃப்ரீசர் ஓய்வில்லாமல் ஓடும். 5 சதவீத பீர் -2 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

கம்ப்ரசரே செத்துவிட்டது. வெறும் பெட்டியை வைத்து என்ன செய்ய முடியும்?

இங்கேதான் பலரும் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

7 கன அடி (சுமார் 200 லிட்டர்) ஃப்ரீசர், சுவரில் 5 சென்டிமீட்டர் ஃபோம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளேயும் வெளியேயும் இருக்கும் வெப்பநிலை வித்தியாசம் ஒரு டிகிரி கூடினால் ஏறக்குறைய ஒன்றரை வாட் வெப்பம் கூடுதலாக உள்ளே கசியும். அறை 24, உள்ளே 4 என்றால் 20 டிகிரி வித்தியாசம், 30 வாட். ஒரு நாளைக்கு இதை ஐஸ் வைத்துச் சமாளிக்க 7 கிலோவுக்கு மேல் வேண்டும். இரண்டு லிட்டர் சோடா பாட்டிலில் உறைய வைத்தால் தினமும் நான்கு பாட்டில். ஒரு வாரம் உற்சாகமாக மாற்றுவீர்கள், அப்புறம் விட்டுவிடுவீர்கள்.

அதே பெட்டி 16 டிகிரி பேஸ்மென்டில் இருந்து, உள்ளே 12 டிகிரி போதும் என்று வைத்தால் வித்தியாசம் 4 டிகிரிதான். தினம் ஒன்றரைக் கிலோ ஐஸ், அதாவது ஒரு பாட்டிலுக்கும் குறைவு. 12 டிகிரி என்பது ஏனோதானோ வெப்பநிலை அல்ல. இங்கிலாந்தில் கேஸ்க் ஏல் (பீப்பாயிலிருந்து ஊற்றும் பாரம்பரிய பீர்) வைக்கும் நிலவறைகள் 11 முதல் 13 டிகிரியில்தான் இருக்கின்றன. பிட்டர், போர்ட்டர், ஸ்டவுட் என்னும் ஏல் வகைகளை ஐஸ் மாதிரி குளிர வைத்தால் மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) சுவையே நாக்கில் ஏறாது. ஆகவே செத்த ஃப்ரீசர் கையில் இருப்பவர்கள் நன்றாகக் குளிர வைத்துக் குடிக்கும் லாகர் பீரை மறந்துவிட்டு ஏல் பக்கம் வாருங்கள் என்பதுதான் என் உண்மையான ஆலோசனை.

இன்னொரு கணக்கு: அறை வெப்பத்தில் இருக்கும் 19 லிட்டர் கெக்கை 4 டிகிரிக்கு இறக்க மட்டுமே 4 கிலோவுக்கு மேல் ஐஸ் செலவாகும். முடிந்தால் வேறு ஃப்ரிட்ஜில் குளிர வைத்துவிட்டு இதில் இறக்குங்கள். ஐஸ் பாட்டில்களைக் கீழே அடுக்காமல் கெக்குகளின் கழுத்து மட்டத்தில் ஒரு கம்பித்தட்டு வைத்து அதன் மேல் வையுங்கள். குளிர்ந்த காற்று தானாக இறங்கும், மேலே ஏறாது.

பெல்டியர் தட்டு (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தட்டு) வைத்துக் குளிர வைக்கலாமா என்று கேட்பார்கள். சின்ன வித்தியாசத்துக்கு ஓடும், ஆனால் செய்யும் வேலைக்கு நிறைய மின்சாரம் குடிக்கும். அந்தக் காசுக்குப் பழைய, ஓடுகிற ஃப்ரீசரே கிடைத்துவிடும்.

கேஸ் ஏற்றிச் சரிசெய்வது லாபமா?

பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான குளிரூட்டும் கேஸ்களைத் தொடும் வேலையைச் சான்றிதழ் வாங்கிய டெக்னீஷியன்தான் செய்ய வேண்டும். லீக் எங்கே என்று கண்டுபிடித்து அடைத்து ஏற்றும் கூலி, மேலே திறக்கும் சாதாரணப் பெட்டி ஃப்ரீசரின் விலையை நெருங்கிவிடும். அதைவிட முக்கியம், பின்பக்க லேபிளைப் படியுங்கள். ஆர்-600ஏ என்றிருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றும். கசிவு இருக்கும் சந்தேகத்தோடு அதன் பக்கத்தில் வெல்டிங் டார்ச், சிகரெட், மின்பொறி எதுவும் வேண்டாம். ஆர்-12 என்றிருந்தால் அது 1990களின் நடுப்பகுதிக்கு முந்தையது. ஓசோனைக் கெடுக்கும் அந்தக் கேஸை வெளியே திறந்துவிடுவது சட்டப்படியும் தவறு.

எத்தனை கெக் பிடிக்கும்?

கார்னி கெக் என்பது பழைய சோடா சிரப் கலன். சோடா கம்பெனிகள் அட்டைப்பெட்டிப் பைகளுக்கு மாறியபோது அவை மலிவாக நம் பக்கம் வந்து சேர்ந்தன. டியூப் இணைப்பு முறையை வைத்து அவற்றில் பால் லாக் (ball lock), பின் லாக் (pin lock) என்று இரண்டு வகை. 5 கேலன் (19 லிட்டர்) பால் லாக் கெக் சுமார் 22 சென்டிமீட்டர் விட்டம், 63 முதல் 64 சென்டிமீட்டர் உயரம். பின் லாக் கொஞ்சம் குட்டை, கொஞ்சம் தடி. 23 சென்டிமீட்டர் வட்டங்களை அட்டையில் வெட்டி ஃப்ரீசர் தரையில் போட்டுப் பாருங்கள், இணையத்தில் யாரோ சொன்ன எண்ணிக்கையை நம்பாதீர்கள். கம்ப்ரசர் இருக்கும் மேட்டின் மேல் கெக் நிற்காது, அங்கே பீரை வெளியே தள்ளும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்தான் உட்காரும். உயரத்தில் டியூப் இணைப்புக்காக இன்னும் 6, 7 சென்டிமீட்டர் விடுங்கள். நிரம்பிய கெக் 23 கிலோ இருக்கும், அதை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி உள்ளே இறக்க வேண்டும். முதுகுவலி உள்ளவர்கள் இதை இப்போதே யோசியுங்கள்.

நின்ற வாக்கு ஃப்ரீசர் வாங்க நினைத்தால் உள்தட்டுகளைக் கழற்ற முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பனி தானாகக் கரையாத பழைய வகைகளில் தட்டுகளுக்குள்ளேயே குளிர்க்குழாய் ஓடும். வெட்டினால் ஃப்ரீசர் முடிந்தது.

குழாய் மாட்டச் சுவரில் துளை போடலாமா?

போடாதீர்கள். பெட்டி ஃப்ரீசரின் வெளிச்சுவர் தகட்டுக்குப் பின்னால் சூட்டை வெளியேற்றும் குழாய்களும், உள்சுவருக்குப் பின்னால் குளிர்க்குழாய்களும் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகின்றன. ஒரே ஒரு துளை அவற்றில் பட்டால் நல்ல ஃப்ரீசரும் வெறும் பெட்டியாகிவிடும்.

மூடியைக் கழற்றி, உடம்புக்கும் மூடிக்கும் நடுவே ஒரு மரச்சட்டம் வையுங்கள். 2×6 அல்லது 2×8 அங்குலப் பலகை போதும். கீல்களைச் சட்டத்தில் பொருத்தி, சட்டத்தின் அடியில் ஃபோம் பட்டையும் சிலிக்கானும் வைத்து உட்கார வைத்தால், துளைகளை எல்லாம் மரத்தில் போடலாம். பீர்க் குழாய், கேஸ் டியூப், சென்சார் ஒயர் எல்லாம் அதன் வழியாகவே போகட்டும். உயரமும் கூடுதலாகக் கிடைக்கும். சட்டத்தின் உள்பக்கம் ஃபோம் பலகை ஒட்டுங்கள், வெறும் மரம் குளிரை ஃபோம் அளவுக்குத் தடுக்காது. கம்ப்ரசர் செத்த பெட்டி என்றால் குழாய்களில் மிச்சக் கேஸ் இருக்கலாம், அதை டெக்னீஷியன் உறிஞ்சி எடுக்கும் வரை அதிலும் சுவரைத் துளைக்காதீர்கள்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை உள்ளே வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் நான் வெளியே வைக்கத்தான் சொல்வேன். உள்ளே இடம் மிச்சமாகும், மீட்டரைப் பார்க்க மூடியைத் திறக்க வேண்டியதில்லை, ஈரத்தில் ரெகுலேட்டர் (கேஸின் அழுத்தத்தைக் குறைத்து விடும் கருவி) துருப்பிடிக்காது. சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டு நிமிர்த்தி நிறுத்துங்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அழுத்தச் சோதனை கட்டாயம், தேதி கழுத்தில் குத்தியிருக்கும்.

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் அடுத்த பத்தியைப் படியுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, மேலே திறக்கும் பெட்டி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 5 பவுண்டு சிலிண்டரில் இருக்கும் திரவம் வாயுவானால் 1,200 லிட்டருக்கு மேல் வரும், 200 லிட்டர் ஃப்ரீசரை ஆறு தடவை நிரப்பலாம். பத்துக்குப் பத்து அடி மூடிய அறையில் அத்தனையும் கசிந்தால் காற்றில் அதன் அளவு 5 சதவீதத்தைத் தாண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறையினர் வகுத்திருக்கும் அளவு 4 சதவீதம். ஆகவே மூடியைத் திறந்ததும் தலையை உள்ளே விடாதீர்கள். ஒரு நிமிடம் பொறுங்கள், அட்டையால் விசிறி விடுங்கள். மூக்கில் சோடா குடித்த மாதிரி சுருக்கென்று குத்தினால் அப்படியே பின்வாங்கி, அறையின் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய்விடுங்கள். பேஸ்மென்டில் வைப்பவர்கள் கார்பன் டை ஆக்சைடு அலாரம் ஒன்று தாழ்வாக மாட்டுங்கள். வீட்டுக் கூரையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இதைக் கண்டுபிடிக்காது, இரண்டும் வேறு.

கசிவு பார்க்க எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள், குமிழி வந்தால் இறுக்குங்கள்.

அழுத்தம் எவ்வளவு வைப்பது?

வெப்பநிலையைப் பொறுத்தது. சாதாரண அமெரிக்க ஏலுக்கு 2.5 வால்யூம் கேஸ் (பீரின் கொள்ளளவைப் போல இரண்டரை மடங்கு கேஸ் அதில் கரைந்திருப்பது) வேண்டும் என்றால் 3 டிகிரியில் 11 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 11 பவுண்டு அழுத்தம்) போதும், 12 டிகிரியில் ஏறக்குறைய 20 வேண்டும். இங்கிலாந்து பாணியில் 2 வால்யூம் போதும் என்பவர்களுக்கு 12 டிகிரியில் 13 பிஎஸ்ஐ.

ஒரே நுரையாக வருகிறதே?

டியூபின் நீளம் குறைவாக இருக்கும். 3/16 அங்குல உள்விட்டம் உள்ள வினைல் டியூப் 8 முதல் 10 அடி நீளம் வையுங்கள், 20 பிஎஸ்ஐ வைப்பவர்களுக்கு அதைவிட நீளம் வேண்டும். முதல் கிளாஸ் மட்டும் நுரைக்கிறது என்றால் மேலே குழாய் சூடாகவும் கீழே கெக் குளிராகவும் இருக்கிறது. கம்ப்யூட்டரில் இருக்கும் சின்ன ஃபேன் ஒன்றை உள்ளே ஓட விட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

உள்ளே மீனும் கறியும் அழுகிவிட்டது. நாற்றம் போகுமா?

போகும், பொறுமை வேண்டும். ரப்பர் பீடிங்கைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள், நாற்றம் அதன் மடிப்புகளில்தான் ஒளிந்திருக்கும். தரையில் இருக்கும் வடிகால் துளையையும் பிரஷ் விட்டுத் தேயுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு, அப்புறம் ஆப்ப சோடா கரைத்த தண்ணீர், அப்புறம் மூடியைத் திறந்து வெயிலில் சில நாள், கடைசியாக உள்ளே கரித்தூள் வைத்து மூடி வைத்தல். பிளீச்சையும் வினிகரையும் சேர்த்து ஊற்றாதீர்கள், நச்சு வாயு வரும். இவ்வளவும் செய்து ஒரு மாதம் கழித்தும் நாறினால் அழுகல் நீர் ஃபோமுக்குள் இறங்கியிருக்கிறது, அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

உள்ளே தண்ணீர் தேங்கிப் பூஞ்சை பிடிக்கிறது.

-18 டிகிரியில் ஈரம் பனியாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், 4 டிகிரியில் தண்ணீராக வழிந்து அடியில் நிற்கும். சூடாக்கி மறுபடி பயன்படுத்தும் சிலிக்கா ஜெல் டப்பா ஒன்றும், மேலே சொன்ன ஃபேனும் சேர்ந்தால் அடங்கிவிடும். கெக்குகளை நேராகத் தரையில் வைக்காமல் பிளாஸ்டிக் கட்டத்தின் மேல் வையுங்கள். மூடியில் ஒரு காகிதத்தைக் கவ்வ வைத்து இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் ரப்பர் சப்பையாகிவிட்டது, ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி இழுத்துவிட்டால் பல சமயம் சரியாகிவிடும்.

மின்னசோட்டாவில் இருக்கிறேன், கராஜ் உறைந்துபோகும். குளிர்காலத்தில்?

அங்கே பிரச்சினையே தலைகீழ். ஜனவரியில் கம்ப்ரசர் தேவையே இல்லை, பீர் உறையாமல் காப்பதுதான் வேலை. கன்ட்ரோலரின் ஹீட்டிங் பக்கத்தில் பல்லிகள் வளர்ப்பவர்கள் வாங்கும் சின்ன ஹீட்டிங் பேட் ஒன்றைச் சொருகிவிடுங்கள், இத்தனை நல்ல ஃபோமுக்குள் அதுவே தாராளம். வெளியே நீட்டியிருக்கும் குழாயில் நிற்கும் பீர்தான் முதலில் உறையும், அதற்கு ஒரு உறை போடுங்கள்.

இதே ஏற்பாட்டில் பீரைப் புளிக்கவும் வைக்கலாம். ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி. செத்த ஃப்ரீசருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை, ஒரு ஐஸ் பாட்டிலும் ஒரு ஹீட்டிங் பேடும் இருந்தால் வருடம் முழுக்க நடக்கும். புளிக்கும்போதும் கார்பன் டை ஆக்சைடு வரும், மேலே சொன்ன எச்சரிக்கை இங்கேயும் அப்படியே பொருந்தும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பழைய ஃப்ரிட்ஜ்களில் கொக்கிப் பூட்டு இருந்தது, ஒளிந்து விளையாடிய பிள்ளைகள் உள்ளே மாட்டி மூச்சுத் திணறி இறந்தார்கள். அதனால்தான் 1956இல் அமெரிக்கா ஒரு சட்டமே கொண்டுவந்தது, உள்ளிருந்து திறக்கும்படி ஃப்ரிட்ஜ் கதவுகள் மாறின. பெட்டி ஃப்ரீசரின் மூடி கனமானது, அதோடு உள்ளே கேஸும் இருக்கிறது. வெளியே சாவிப்பூட்டு போடுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும். வேலை பாதியில் நிற்கும் நாட்களில் மூடியைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள்.

ஒன்றுமே சரிவரவில்லை. எப்படித் தூக்கிப் போடுவது?

நகராட்சிக் குப்பைச் சேவைக்குச் சொல்லி, கேஸை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் உடைக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில மின்வாரியங்கள் பழைய ஃப்ரீசருக்குப் பணம் கொடுத்தே எடுத்துப் போகும், ஆனால் பெரும்பாலும் அது ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும் என்பார்கள். ரிலே மாற்றி ஓட வைத்தும் உங்களுக்கு வேண்டாம் என்று தோன்றினால் அந்த வழி இருக்கிறது. தெருவில் வைக்கும் முன் மூடியைக் கழற்றிவிடுங்கள்.